அடுப்புக்கரி: பார்த்து வாங்குவது, மழைக்காலத்தில் காப்பது, அறைக்குள் கொளுத்தாமல் இருப்பது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் செராய், தைப்பிங் பக்கத்துத் தோட்டப் பட்டணங்களில் காஸ் அடுப்பு இல்லாத வீடு இன்றைக்குக் கிடையாது. ஆனாலும் கரி மூட்டை நம்மை விட்டுப் போகவில்லை. தீபாவளிக்கு ஆட்டிறைச்சி வாட்ட, கல்யாண வீட்டுக் கொட்டகையில் பெரிய சட்டி ஏற்ற, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட, பிள்ளை பெற்றவள் இருக்கும் அறைக்கு அனல் வைக்க என்று ஏதாவது ஒரு காரணத்துக்கு வாங்கிக்கொண்டேதான் இருக்கிறோம். எங்கள் வட்டாரத்தில் விருந்துச் சமையலுக்குக் கரி வாங்கிப் பழகியதால் பலரும் என்னிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் வேறு எதை விட்டாலும் பத்திய அறை (பிள்ளை பெற்றவள் இருக்கும் அறை) பற்றிய பதிலை மட்டும் விடாமல் படியுங்கள்.

கடையில் நாலைந்து வகை இருக்கிறதே, எதை வாங்குவது?

நம் பக்கம் கிடைப்பதில் முதலிடம் பாக்காவ் (கடலோரச் சதுப்புக் காட்டு மரம்) கரிக்குத்தான். கனமானது, பற்றக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பற்றிவிட்டால் சூடு ஒரே சீராக நின்று எரியும். சத்தே (குச்சியில் கோத்த இறைச்சி) சுடுபவர்களும், பழைய முறையில் ரொட்டி வாட்டும் காப்பிக் கடைக்காரர்களும் இதை விடாமல் பிடித்திருப்பது அதனால்தான்.

அடுத்தது சிரட்டைக் கரி. பாகான் டத்தோ போல தென்னை நிறைந்த இடங்கள் நம் மாநிலத்திலேயே இருப்பதால் இதுவும் தாராளமாகக் கிடைக்கிறது. சூடு அதிகம், பொறி குறைவு. துண்டாகவும் வரும், அரைத்து மாவுப் பசை சேர்த்து அச்சில் அழுத்திய கட்டியாகவும் வரும். சாம்பிராணிக்கு நான் இதைத்தான் சொல்வேன், இரண்டு சின்னத் துண்டு போதும்.

பால்மரக் (ரப்பர் மரக்) கரி இலேசானது, சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் அணையும். அரை மணி நேர வேலைக்குச் சரி. அண்டா சோறு வேகும் அளவுக்கு இதை நம்பினால் ஒருவர் பக்கத்திலேயே நின்று கரி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மரத்தூளை அழுத்திச் செய்த கட்டிகளும் உண்டு. தரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் முதலில் ஒரு சின்னப் பை வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் மூட்டைக்குப் போங்கள்.

பாக்காவ் கரி எங்கிருந்து வருகிறது? ஏன் அவ்வளவு பேர் அதையே தேடுகிறார்கள்?

தைப்பிங்கிலிருந்து மேற்கே கடலைப் பார்த்துப் போனால் கோலா செப்பெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்குக்கும் இந்த ஊருக்கும் இடையேதான் ஓடியது. நிலையத்தின் பழைய பெயர்ப்பலகை, தமிழ் எழுத்தும் சேர்ந்து, இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கரிச் சூளைகள் அந்த ஊரில் இருக்கின்றன. மரம் மாத்தாங் சதுப்புக் காட்டிலிருந்து வருகிறது. ஏறக்குறைய 40,000 ஹெக்டர் காடு, நூறு வருடத்துக்கும் மேலாக வனத்துறை கணக்கு வைத்துப் பராமரிக்கும் இடம்.

வெட்டிய பாக்காவ் மரத்தைச் சுமார் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் துண்டு போட்டு, பட்டையை உரித்து, செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கவிழ்த்த பானை போன்ற பெரிய சூளைக்குள் நிற்க வைத்து அடுக்குகிறார்கள். தீ எரிவது சூளையின் வாசலில் மட்டும்தான். உள்ளே இருக்கும் மரத்தில் நெருப்புப் படுவதில்லை, வெப்பம் உள்ளே போய் மரத்தில் உள்ள நீரை வெளியேற்றி மெதுவாகக் கரியாக்குகிறது. முதலில் பெரிய தீ சுமார் பத்து நாள், அப்புறம் வாசலைக் குறுக்கிச் சிறு தீ இன்னும் இரண்டு வாரம் வரை, பிறகு எல்லாத் துளையையும் மண் பூசி அடைத்து ஆறவிடுவது ஒரு வாரத்துக்கு மேல். ஆகமொத்தம் ஒரு மாதம். 40 டன் பச்சை மரம் உள்ளே போனால் ஏறக்குறைய 10 டன் கரி வெளியே வரும். எப்போது அடைக்க வேண்டும் என்பதை வெளிவரும் ஆவியின் வாடையையும் சூட்டையும் வைத்தே அனுபவசாலிகள் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் புளிப்பு வாடை கொண்ட நீரைக் கொசு விரட்ட விற்கிறார்கள். கரியில் நல்ல பங்கு ஜப்பானுக்கும் ஏற்றுமதியாகிறது.

அப்படியானால் நாம் வாங்க வாங்கக் காடு அழியாதா?

நியாயமான கவலை. மாத்தாங்கில் ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி அங்கே முழுதாக வெட்டுவது 30 வருடம் கழித்து. நடுவில் 15-ஆம், 20-ஆம் வருடங்களில் நெருக்கமாக நிற்கும் மரங்களை மட்டும் கழித்து எடுப்பார்கள், வெட்டிய இடத்தில் கன்று தானாக வராவிட்டால் நடுவார்கள். ஆகவே இந்தக் கரியை மனக் குறை இல்லாமல் வாங்கலாம் என்பது என் கருத்து. எங்கிருந்து வந்தது என்றே கடைக்காரரால் சொல்ல முடியாத கரிக்கு அந்த உறுதி கிடையாது.

கடையில் நிற்கும்போது நல்ல கரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு துண்டை எடுத்துத் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த பாக்காவ் கரி கணீரென்று கேட்கும். மந்தமாகக் கேட்டால் ஈரம் இருக்கிறது, அல்லது உள்ளே சரியாக வேகவில்லை. உடைத்தால் உடைந்த முகம் கருமையாக மினுங்க வேண்டும். பழுப்பு நிறம் தெரிந்தால் அது அரைவேக்காடு. அடுப்பில் போட்டதும் மரம் போலப் புகையும், கண் எரியும், கறியிலும் அந்தப் புகை நெடி ஏறும்.

அப்புறம் மூட்டையின் அடியைப் பாருங்கள், மேலே பார்த்துப் பயனில்லை. மேலே பெரிய துண்டாக அடுக்கி அடியில் தூளும் மண்ணும் கிடக்கும் மூட்டைகள் உண்டு. மூட்டையை ஒரு தடவை தூக்கி வைத்தால் கீழே எவ்வளவு தூள் கொட்டுகிறது என்று தெரிந்துவிடும். மூட்டை விலையை மட்டும் கேட்காமல் எத்தனை கிலோ என்று கேட்டு, முடிந்தால் கண் முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். ஈரமான கரி எடை காட்டும், அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறீர்கள். கடை வாசலில் ஐந்தடி நடைபாதையில், சாரல் படும் இடத்தில் வைத்திருக்கும் மூட்டையை எடுக்காதீர்கள். உள்ளே இருப்பதைக் கேளுங்கள், நல்ல தவுக்கே (கடை முதலாளி) மறுக்க மாட்டார்.

காஸ் செலவை மிச்சம் பிடிக்கக் கரிக்கு மாறலாமா?

வேண்டாம். வீட்டுக்கு வரும் 14 கிலோ காஸ் தோம் (சிலிண்டர்) தீபகற்பத்தில் கட்டுப்பாட்டு விலையில் 26 வெள்ளி 60 காசு, அதாவது கிலோ 1 வெள்ளி 90 காசு (கொண்டுவந்து இறக்கும் கூலி தனி). ஒரு கிலோ காஸில் ஏறக்குறைய 46 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது, ஒரு கிலோ நல்ல கரியில் 30-க்குப் பக்கம்தான். கரி கிலோ 3 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலே கணக்கு எங்கே போகிறது என்று தெரியும். அதற்கு மேல் கரி அடுப்பில் பாதி வெப்பம் பக்கவாட்டில் போய்விடும், சமையல் முடிந்த பிறகும் வீணாக எரிந்துகொண்டிருக்கும். ருசிக்கு, வழக்கத்துக்கு, வெளிச் சமையலுக்குக் கரி வாங்குங்கள். சிக்கனத்துக்கு வாங்காதீர்கள்.

எவ்வளவு வாங்கிவைப்பது, எப்போது வாங்குவது?

வாட்டும் இறைச்சியின் எடைக்குச் சமமாகக் கரி என்று வைத்தால் குறைபடாது. நம் பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை கனக்கும். தைப்பிங்கில் வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை, தீபகற்பத்திலேயே அதிகம் நனையும் ஊர் அது. தீபாவளியும் அதே நேரத்தில் வருகிறது. ஆகவே ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வாங்கிவிடுங்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் லோரியில் நனைந்து வந்ததுதான் மிஞ்சும், விலையும் ஏறியிருக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் தேவைப்படுவதைக் குவித்து வைக்கவும் வேண்டாம்.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீட்டில் இடம் குறைவு. கரியை எங்கே வைப்பது?

கரி சுற்றியுள்ள காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மழை நேராகப் படவே வேண்டாம். நம் நாட்டுக் காற்றில் சாக்கைத் திறந்து வைத்தால் அதுவே போதும். அதனால் மூடி போட்ட பாத்திரம்தான் வழி. சமையல் எண்ணெய் வரும் சதுர டின், மூடியோடு கிடைக்கும் பெரிய இரும்பு டிரம் இரண்டும் நல்லது. பிளாஸ்டிக் வாளியும் ஆகும், ஆனால் பெயிண்ட், உரம், களைக்கொல்லி இருந்த வாளியைத் தொடவே கூடாது. கரி வாடையை உறிஞ்சும் பொருள், உள்ளே போனது எரியும்போது புகையாக வந்து உங்கள் சாப்பாட்டில் இறங்கும். அதே காரணத்துக்காக மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்திலும், புல் வெட்டும் மெஷினுக்கு வாங்கிய பெட்ரோலுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். அங்கே நெருப்பு ஆபத்தும் கூடவே இருக்கிறது.

தரையில் நேராக வைக்க வேண்டாம். சிமெண்டுத் தரை மழை நாளில் வியர்க்கும். இரண்டு செங்கல்லும் ஒரு பலகையும் போட்டு ஏற்றி வையுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. வீட்டுக்குப் பின்னால் தகரச் சாய்ப்பு இருந்தால் அதுதான் சரியான இடம். பழைய பலகை வீடுகளில் இருப்பவர்கள் படுக்கும் அறைச் சுவரோரம் அடுக்காதீர்கள், ஒரு பொறி போதும். காஸ் தோமுக்கும் கரிக்கும் நடுவில் நன்றாக இடைவெளி விடுங்கள். சாக்கிலேயே வைத்தாக வேண்டுமென்றால் கையை விடும் முன் சாக்கை உதறுங்கள், பூரானும் தேளும் அதற்குள் சுகமாகக் குடியிருக்கும். கரையான் கரியைத் தின்னாது, ஆனால் கீழே போட்ட பலகையையும் சாக்கையும் விடாது.

கரி தானாகவே பற்றிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் எல்லாக் கரியும் அல்ல. சூளையிலிருந்து புதிதாக எடுத்த கரி காற்றில் உள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சும்போது சூடாகும். பெரிய குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள் ஏறிப் பற்றிவிடலாம். கப்பல் போக்குவரத்து விதிகளில் கரியைத் தானாகச் சூடேறும் சரக்கு வகையில் சேர்த்திருப்பது இதனால்தான். கடை வழியாக உங்கள் வீட்டுக்கு வரும் ஒன்றிரண்டு மூட்டையில் அந்தப் பயம் மிகக் குறைவு. வீட்டில் நடப்பது வேறு: பாதி எரிந்த கரியைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி மூட்டைக்குள்ளேயே போடுவது. உள்ளே ஒரு கனல் உயிரோடு இருந்தால் நள்ளிரவில் மூட்டை முழுவதும் பிடிக்கும். மிச்சக் கரியை மூடி போட்ட தனி இரும்பு டின்னில் போட்டு, காற்றுப் புகாமல் அடைத்து, ஒரு நாள் முழுக்க வெளியே வைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

மூட்டை நனைந்துவிட்டது. வீசிவிடவா?

வீச வேண்டாம். தகரத்தின் மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வைத்தால் மீண்டுவிடும். அடுப்பு ஓரத்தில் அடுக்கிக் காய வைக்காதீர்கள். ஈரக் கரியைத் தணலில் போட்டால் வெடித்துத் துண்டு தெறிக்கும், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் அது விளையாட்டான விஷயமில்லை. வெள்ளத்தில் மூழ்கிச் சேறு படிந்த கரியை மட்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

அக்கா, மருமகளுக்கு பிரசவம் ஆகியிருக்கிறது. மழை, குளிர். அறைக்குள் கரிச் சட்டி வைத்து அனல் காட்டலாமா?

கூடாது. ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது. இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை, கண்ணும் எரியாது. மூச்சில் போனதும் இரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக. உடல் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்ஸிஜன் இல்லாமல் தவிக்கும், ஆனால் ஆளுக்குத் தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். பிள்ளை பெற்றவள் அசதியில் தூங்குகிறாள் என்று நாமும் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவோம்.

நம் பாட்டிமார்கள் சொல்லும் ஒன்று இங்கே ஆபத்தாகிறது: “புகை அடங்கி, கரி வெள்ளை பூத்த பிறகு உள்ளே கொண்டு போ, ஒன்றும் செய்யாது.” புகை அடங்கியது உண்மைதான். ஆனால் அந்த வாயு புகையோடு போவதில்லை. தணலாக நிற்கும் கரியிலிருந்துதான் தாராளமாக வந்துகொண்டிருக்கும். அந்தக் காலத்து லயத்து வீட்டில் பலகைக்குப் பலகை இடுக்கு, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் திறப்பு, காற்று தன்பாட்டுக்குப் போய் வரும். இன்றைக்கு நாம் கட்டியிருப்பது செங்கல் சுவர், கண்ணாடி ஜன்னல், ஏர்கோன் போடுவதற்காக இடுக்கெல்லாம் அடைத்த அறை. பாட்டி செய்ததை அதே அறையில் செய்வதாக நினைக்காதீர்கள்.

சூடு வேண்டுமென்றால் வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி இடுப்புக்கும் வயிற்றுக்கும் கொடுக்கலாம் (அறுவைப் பிரசவமாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு), வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுக்கலாம், காலுறை, கம்பளி போதாதா? தலை முடி உலர்த்தச் சாம்பிராணி காட்டியே தீர வேண்டும் என்று பெரியவர்கள் நின்றால், அவளை முன் வாசல் திண்ணைக்கு வரச் சொல்லி, காற்றோட்டத்தில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு அனலை வெளியே தள்ளிவிடுங்கள். பச்சைக் குழந்தைக்கு அந்தப் புகையே வேண்டாம். மாமியார்களிடம் இதைச் சொல்வது மருமகளுக்குக் கஷ்டம். ஆகையால் மகன்மார்களே நீங்கள் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி?

போடுங்கள். கரியை வெளியே பற்றவைத்து, தூபக்காலில் ஓரிரண்டு துண்டு மட்டும் எடுத்து, கதவு ஜன்னலெல்லாம் திறந்து வீடு முழுக்கக் காட்டிவிட்டு, தணலை வெளியே கொண்டு வைத்துவிடுங்கள். சாமி அறையில் விட்டுவிட்டுத் தூங்கப் போவதுதான் தவறு. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும், இந்த வாயு வயிற்றில் உள்ள பிள்ளையையும் பாதிக்கும்.

கேமரன் மலைக்குப் போகிறோம். இரவில் குளிரும், மழை வந்தால் கரி அடுப்பை பால்கனியிலிருந்து உள்ளே எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்காதீர்கள். கூடாரத்துக்குள்ளும், காருக்குள்ளும் அதே பதில்தான். சமைத்து முடித்த அடுப்பு அணைந்தது போலத் தெரியும், உள்ளே தணல் இருக்கும். “சூடு வீணாகப் போகிறதே” என்று அதைக் கூடாரத்துக்குள் இழுத்துவைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன கதை பல நாடுகளில் நடந்திருக்கிறது. கேமரன் மலையில் இரவு 15 டிகிரிக்குப் பக்கம் இறங்கும், அவ்வளவுதான். ஒரு போர்வை அதிகமாக எடுத்துப் போங்கள்.

யாருக்காவது அந்த வாயு ஏறிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கை கால் தளர்ச்சி, பேச்சில் குழப்பம். ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால் சாப்பாட்டைச் சந்தேகப்படும் முன் கரியைச் சந்தேகப்படுங்கள். உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், 999 அழையுங்கள், ஆள் மயங்கியிருந்தால் நேரம் கடத்தவே வேண்டாம். கோவிட் காலத்தில் வாங்கிய, ஆக்ஸிஜன் அளக்கும் விரல் கருவியை மாட்டி “98 காட்டுகிறது, பிரச்சினை இல்லை” என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் கருவிக்கு ஆக்ஸிஜன் ஏறிய இரத்தமும் இந்த வாயு ஏறிய இரத்தமும் ஒன்றாகவே தெரியும். மருத்துவமனையில் “மூடிய அறையில் கரி எரிந்தது” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அதற்குத் தனி இரத்தப் பரிசோதனை இருக்கிறது. சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

நிலக்கரியை வாங்கி அடுப்பில் போடலாமா? லண்டனில் இருக்கும் மகள் வீட்டில் கரி அடுப்பு இருக்கிறதாம்.

நிலக்கரி வேறு, அடுப்புக்கரி வேறு. நிலக்கரி மண்ணுக்கடியிலிருந்து தோண்டுவது, கந்தகப் புகை வரும், உணவை அதன் மேல் வாட்டக் கூடாது. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் தோண்டினார்கள்: சிலாங்கூரில் பத்து ஆராங் சுரங்கம் 1915-இலிருந்து 1960 வரை ஓடியது, ரயிலுக்கும் மின்சாரத்துக்கும் அந்தக் கரிதான் போனது, தமிழர்களும் அங்கே வேலை பார்த்திருக்கிறார்கள். இப்போது மஞ்சோங் போன்ற மின் நிலையங்களுக்குக் கப்பலில் வந்து இறங்குகிறது. வீட்டுக்கு அதனால் பயன் இல்லை.

மகளுக்குச் சொல்லுங்கள்: இங்கிலாந்தில் பழைய மாதிரி வீட்டு நிலக்கரி விற்பனைக்கு 2023 மே மாதத்திலிருந்து முழுத் தடை. புகை குறைந்த எரிபொருள் என்று சான்று பெற்றதையும் ஆந்த்ரசைட் என்ற கடின நிலக்கரியையும் வாங்கலாம். அங்கே புகைபோக்கியோடு கட்டிய அடுப்பு என்பதால் நம் கரிச் சட்டியைப் போன்றதில்லை, ஆனாலும் புகைபோக்கி அடைத்திருந்தால் அதே வாயுதான் அறைக்குள் திரும்பும். வாடகை வீட்டில் அப்படி அடுப்பு இருக்கும் அறைக்கு வீட்டுக்காரர் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்தித் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

பழைய மைலோ டின்னின் அடியையும் மூடியையும் வெட்டி, கீழ்ப்பக்கம் சுற்றிலும் துளை போட்டு, அடியில் காகிதமும் மேலே கரியும் நிரப்பிக் கொளுத்துங்கள். காற்று கீழிருந்து மேலே இழுக்கும், கால் மணி நேரத்தில் தணல் தயார். டின் சூடாக இருக்கும், இடுக்கியால் தூக்குங்கள். மண்ணெண்ணெய் நெடி கறியில் ஏறும். பெட்ரோலை நினைக்கவே வேண்டாம், எரியும் கரி மேல் எதையும் ஊற்றவும் வேண்டாம்.

சாம்பலை என்ன செய்வது?

முதலில் ஆறவிடுங்கள், ஒரு நாளுக்குக் குறையாமல், மூடி போட்ட இரும்பு டின்னில், வீட்டை விட்டுத் தள்ளி. மேலே ஆறியிருந்தாலும் நடுவில் சூடு இருக்கும், குப்பைத் தொட்டியில் கொட்டி அது பற்றிக்கொள்வது வழக்கமாக நடப்பது. வெறும் மரக்கரியின் சாம்பல் என்றால் பாத்திரம் துலக்கலாம், தோட்டத்தில் கொஞ்சமாகத் தூவலாம். நம் பக்கத்து மண் பெரும்பாலும் புளிப்பு மண், கத்தரி, மிளகாய்க்கு அது உதவும். ஒரே இடத்தில் குவிக்காதீர்கள், செடி கருகும். சீக்கிரம் பற்றுவதற்கு மருந்து சேர்த்த கட்டிகளின் சாம்பலைக் குப்பையில்தான் போட வேண்டும், காய்கறிப் பாத்தியில் அல்ல.